மூன்று சென்டிமீட்டர் காது

ரிமோட்டால் ஓட்டும் ஆர்சி கார் ஒன்றின் மேல்கூட்டைக் கழற்றினால் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதுதான் ரிசீவர். அதிலிருந்து நூல் போல ஒரு கம்பி வெளியே வரும். கம்பியின் பெரும்பகுதி சற்றுத் தடித்திருக்கும். நுனியில் மட்டும் மேலுறை உரிந்து, இன்னும் மெல்லியதாக ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டை அளந்து பாருங்கள்: ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். வேறொரு நிறுவனத்தின் ரிசீவரை எடுத்து அளந்தாலும் பெரும்பாலும் அதே அளவுதான் வரும்.

கம்பி தொங்கிக்கொண்டு அசிங்கமாக இருக்கிறதே என்று அதைக் கத்தரித்துவிடுகிறவர்கள் உண்டு. கத்தரித்த பிறகும் கார் ஓடும். வீட்டு வாசலில் நன்றாகவே ஓடும். மைதானத்தில் கொஞ்ச தூரம் போனதும் தடுமாறத் தொடங்கும்.

அந்த 31 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? வானொலி அலையும் ஒளியைப் போலவே நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்கிறது. இன்றைய ஆர்சி ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன, அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 31 மில்லிமீட்டர். ஊஞ்சலை அதன் தாளம் அறிந்து தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரப் போகும் அல்லவா? அதுபோல, அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பியில் எலெக்ட்ரான்கள் அந்த அலையோடு சேர்ந்து ஆடுகின்றன. தடித்த பகுதி வெறும் கேபிள். அது நுனித்துண்டு கேட்டதை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. கேட்கும் காது அந்த நுனி மட்டும்தான்.

எந்த ரிமோட் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நுனியைத்தான். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரில் வண்ணத்திரை இருக்கிறது, வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கின்றன, கண் அங்கேதான் போகும். ஆனால் இந்த உரையாடலில் கடினமான வேலை கேட்கிறவருடையது. எவ்வளவு கடினம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

சாதாரண ஆர்சி டிரான்ஸ்மிட்டர் வெளியிடும் சக்தி சுமார் 100 மில்லிவாட். மின்சாதனங்களில் சிவப்பாக எரியும் குட்டி எல்இடி காட்டி விளக்குகள் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அவ்வளவு மின்சாரம் செலவாகும். அந்தச் சக்தி எல்லாத் திசையிலும் பரவிப் போகிறது. தூரம் இரட்டித்தால் வந்து சேர்வது நான்கில் ஒரு பங்காகக் குறையும். வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டர் தாண்டி நிற்கும் ரிசீவரின் நுனியில் விழுவது, புறப்பட்டதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, இடப்பக்கம் மூன்று டிகிரி திரும்பு என்று, சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கு அது சொல்லவேண்டும். நல்ல ரிசீவர்களுக்கு இது சத்தமான பேச்சு! சில ரிசீவர்கள் மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்தாலும் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பொருள் இதைச் செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு புதிதாகவே வருகிறது.

கம்பியில்லாமல் வண்டியை ஆட்டுவிக்கலாம் என்று உலகுக்கு முதலில் காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை மிதக்கவிட்டு, தள்ளி நின்று திருப்பிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அந்த அரங்கில் அவருக்குப் போட்டியாக வானொலி அலை அனுப்ப யாரும் இல்லை. கூட்டம் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

ஆர்சி பொழுதுபோக்கு பரவியபோது கார்களும் படகுகளும் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸில் ஓடின. அங்கே அலைநீளம் 11 மீட்டர். கால் பங்கு என்றாலே இரண்டே முக்கால் மீட்டர். அவ்வளவு நீளக் கம்பியை யார் கையில் பிடிப்பது? இழுத்து நீட்டும் ஸ்டீல் ஆன்டெனாவோடு சமரசம் செய்துகொண்டார்கள். பழைய ரிமோட்டுகளின் தலையில் அந்த நீண்ட குச்சி இருந்ததற்கு இதுதான் காரணம். அந்தப் பட்டையில் வழக்கமாக ஆறு அலைவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். எந்த நிறம் என்பதை ஒரு சிறு கிரிஸ்டல் தீர்மானிக்கும். டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் ஒரே நிறக் கிரிஸ்டல் செருகவேண்டும். பக்கத்தில் நிற்பவரும் அதே நிறத்தைச் செருகியிருந்தால் இரண்டு வண்டிகளும் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் வெறிபிடித்து ஓடும். அதனால் வெளிநாட்டு மன்றங்களின் மைதானங்களில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வோர் அலைவரிசைக்கும் துணி மாட்டும் கிளிப் ஒன்று. கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டவருக்கு மட்டுமே அந்த அலைவரிசையில் ரிமோட்டை முடுக்க உரிமை. அவர் திரும்பக் கொண்டுவந்து மாட்டும்வரை மற்றவர் காத்திருப்பார்.

இன்று அந்தப் பலகைக்கு வேலை இல்லை. முப்பது பேர் ஒரே நேரத்தில் ஓட்டலாம். இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் யோசனையின் கிளைகளில் ஒன்று ஒரு திரைப்பட நடிகையிடம் போய்ச் சேர்கிறது.

வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்ற ஹெடி லமார், இரண்டாம் உலகப் போரின்போது ஒரு கேள்வியில் ஆழ்ந்தார். வானொலியால் வழிநடத்தப்படும் டார்பிடோவின் அலைவரிசையை எதிரி கண்டுபிடித்து இரைச்சலைக் கொட்டினால் என்ன செய்வது? இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலோடு சேர்ந்து அவர் கண்ட வழி, ஓர் அலைவரிசையில் நிற்காமல் தாவிக்கொண்டே இருப்பது. அனுப்புகிறவரும் கேட்கிறவரும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் தாவவேண்டும். ஆந்தைல் தானாக வாசிக்கும் பியானோக்களை ஒத்திசைக்க முயன்றவர். ஆகவே ஓட்டையிட்ட காகிதச் சுருள் ஒன்று கப்பலிலும் இன்னொன்று டார்பிடோவிலும் சேர்ந்து சுழலட்டும் என்றார்கள். அலைவரிசைகள் 88, பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை. 1942 ஆகஸ்ட் 11 அன்று காப்புரிமை வந்தது. அந்தப் போரில் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. தாவும் யோசனையை அவர்களுக்கு முன்பே வேறு சிலரும் தொட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் இரு முனையிலும் ஒரே சுருள் என்ற அந்தப் படம் உங்கள் கையிலிருக்கும் ரிமோட்டின் வேலையை அப்படியே விளக்கிவிடுகிறது.

புது ரிசீவர் வாங்கினால் முதலில் பைண்ட் செய்யவேண்டும். ரிசீவரின் பட்டனை அழுத்திப் பிடித்து, டிரான்ஸ்மிட்டரில் பைண்ட் கொடுத்தால், எல்இடி வேகமாக மின்னிப் பிறகு நிலைத்து நிற்கும். அந்தச் சில நொடிகளில் டிரான்ஸ்மிட்டர் தன் அடையாள எண்ணை ரிசீவருக்குச் சொல்கிறது. எந்த வரிசையில் தாவப்போகிறோம் என்பதும் அதிலிருந்தே முடிவாகிறது. காகிதச் சுருளின் ஒரு பிரதி கைமாறியது போலத்தான். அதன்பின் இருவரும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் நொடிக்குப் பலமுறை இடம் மாறிக்கொண்டே பேசுகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் அடுத்து எந்தக் கடை வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிவைத்த இருவரைப் போல. ஒரு கடை வாசலில் வைஃபை வழியை மறித்து நின்றால் ஒரு சொல் தொலையும். அடுத்த வாசலில் அடுத்த சொல் வந்துவிடும். வைஃபை, புளூடூத், அடுப்படியில் மைக்ரோவேவ் என்று எல்லாம் நெருக்கும் அதே பட்டையில் கார் ஒழுங்காக ஓடுவது இப்படித்தான்.

அந்தப் பட்டையை இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் அரசு அறிவித்தது. வெளிநாட்டுத் தளங்களில் பார்த்து நெடுந்தூர டிரான்ஸ்மிட்டர் வாங்க நினைப்பவர்கள் இங்கே சற்று நிதானிக்கவேண்டும். அமெரிக்காவில் விற்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவி அங்கே சட்டப்படி சரி. நம் நாட்டில் 890 முதல் 915 வரையிலான பகுதி செல்பேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம். அந்தக் கருவியோ 902இலிருந்து 928 வரை தாவும். இங்கு அதை முடுக்குவது அண்டை வீட்டாரின் பேச்சுக்குள் குறுக்கே புகுவது. 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு குறுகிய பட்டை இங்கே உரிமமின்றித் திறந்திருக்கிறது. நெடுந்தூரம் வேண்டும் என்பவர்கள் அதற்கேற்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். காருக்கும் படகுக்கும் 2.4 போதும். நூற்றைம்பது மீட்டர் தாண்டினால் சின்னக் கார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீருக்குத் தோற்றுவிடும் என்பதையும் அறிந்துகொள்ளவேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில்தான் சாதத்திலுள்ள நீரைச் சூடாக்குகிறது. அப்படியென்றால் அலையின் சக்தியை நீர் விழுங்கிவிடுகிறது என்று பொருள். ஆர்சி நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் இன்றும் பழைய 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். நன்னீரில் சில மீட்டர் ஆழம்வரை அந்த நீள அலைகள் போய்ச் சேரும். உப்புநீரில் அவையும் நின்றுவிடும். மனித உடலும் பெரும்பாலும் நீர்தான். டிரான்ஸ்மிட்டருக்கும் காருக்கும் நடுவே நான்கு பேர் வந்து நின்றாலே இணைப்பு பலவீனப்படும்.

ஆன்டெனாவைக் காரை நோக்கிக் குறிபார்த்து நீட்டுவது பலரும் செய்யும் தவறு. நேர்க்கம்பியிலிருந்து அலை பரவும் வடிவம் உளுந்து வடை மாதிரி. வடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செங்குத்தாகச் செருகினால் அந்தக் குச்சிதான் ஆன்டெனா. அலை பக்கவாட்டில் கொழுத்திருக்கிறது, குச்சியின் நுனி நோக்கும் திசையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா காருக்குப் பக்கவாட்டைக் காட்டவேண்டும். காருக்குள்ளும் அந்த 31 மில்லிமீட்டர் நுனியைப் பிளாஸ்டிக் குழாயில் நேராக நிறுத்தவேண்டும். தரையை ஒட்டிப் படுத்திருந்தால் நேராக வரும் அலையும் தரையில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மோட்டாரின் உலோக உடலுக்குப் பக்கத்திலோ கார்பன் ஃபைபர் தகட்டுக்குக் கீழேயோ நுனியைச் சுருட்டி வைத்தால், விலையுயர்ந்த டிரான்ஸ்மிட்டர் வாங்கியும் பயனில்லை.

இனி கைக்கு வருவோம். டிரான்ஸ்மிட்டர்கள் இரு சாதி. ஒன்று, துப்பாக்கிப் பிடி போன்ற உடலில் விசையும் பக்கத்தில் சிறு சக்கரமும் கொண்டது. விசையை இழுத்தால் கார் முன்னே போகும், தள்ளினால் பிரேக் அல்லது ரிவர்ஸ். சக்கரம் ஸ்டியரிங். இன்னொன்று, இரு கட்டைவிரலுக்கும் இரண்டு குச்சிகள் கொண்ட பெட்டி. காருக்கு நான் தயங்காமல் துப்பாக்கிப் பிடியைச் சொல்வேன். காரின் சக்கரம் திரும்புவதும் கையிலுள்ள சக்கரம் திரும்புவதும் ஒன்றாக இருப்பதால் இரண்டாவது நாளே கை யோசிக்காமல் ஓட்டத் தொடங்கிவிடும். ஆனால் இரு பக்கமும் தனித்தனி மோட்டார் உள்ள டாங்கி, வாளியும் கையும் அசையும் எக்ஸ்கவேட்டர், இரட்டை மோட்டார் படகு, இவற்றுக்குக் குச்சிகள்தான் வசதி. பிற்பாடு விமானமோ ட்ரோனோ ஓட்டும் எண்ணம் இருந்தாலும் குச்சிப் பெட்டியே பயன்படும்.

குச்சிப் பெட்டி வாங்கும்போது கடையில் கேட்கவேண்டிய ஒன்று உண்டு. விமானத்துக்கான பெட்டியில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குச்சி விட்ட இடத்திலேயே நிற்கும், நடுவுக்குத் திரும்பாது. மோட் 2 என்றால் அது இடப்பக்கம், மோட் 1 என்றால் வலப்பக்கம். ரிவர்ஸ் உள்ள காருக்கும் படகுக்கும் கையை எடுத்ததும் குச்சி நடுவுக்கு வந்தாகவேண்டும். சில பெட்டிகளில் உள்ளே ஒரு ஸ்பிரிங்கை மாட்டி இதைச் செய்யலாம், சிலவற்றில் முடியாது. வாங்குவதற்கு முன் யாரிடமாவது கடன் வாங்கிப் பத்து நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். எடை எங்கே விழுகிறது, விசைக்கு விரல் எட்டுகிறதா என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. இடக்கைக்காரர்கள் சக்கரத்தை மறுபக்கம் மாற்றி மாட்ட முடியுமா என்றும் பார்க்கவேண்டும்.

எத்தனை சேனல்? காருக்கும் படகுக்கும் இரண்டே போதும், ஸ்டியரிங்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. விளக்கு, கியர், வின்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடும். ஆறு சேனல் உள்ளதை வாங்கினால் பெரும்பாலோருக்கு வருடக்கணக்கில் போதும்.

இந்தச் சேனல்கள் கடைசியில் சர்வோவிடம் பேசும் மொழி அழகாக எளிமையானது. நொடிக்கு ஐம்பது முறை ஒரு மின்துடிப்பு. துடிப்பின் அகலம் ஒன்றரை மில்லிநொடி என்றால் சர்வோ நடுவில் நிற்கும். ஒரு மில்லிநொடி என்றால் ஒரு பக்கத்தின் எல்லை, இரண்டு என்றால் மறுபக்கத்தின் எல்லை. அவ்வளவுதான். எண்ணோ எழுத்தோ இல்லை, துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே செய்தி. பெட்டிகளின் மேல் 1024 படிகள், 2048 படிகள் என்று அச்சிட்டிருப்பது இந்த அகலத்தை எத்தனை துண்டாகப் பிரிக்கிறார்கள் என்பதைத்தான். அறுபது டிகிரி திரும்பும் சர்வோவுக்கு 1024இல் ஒரு படி என்பது டிகிரியில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. சாதாரணக் காரின் ஸ்டியரிங் இணைப்பில் இருக்கும் ஆட்டமே அதைவிட அதிகம். இந்த எண்ணுக்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்கவேண்டாம்.

கட்டளை போய்ச்சேரும் வேகமும் அப்படித்தான், ஓரளவுக்கு. 20 மில்லிநொடிக்கு ஒரு கட்டளை என்றால், மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் கார் இரண்டு கட்டளைக்கு நடுவே 33 சென்டிமீட்டர் போய்விடும். பந்தயக்காரர்களுக்கு அது பெரிய தூரம். அவர்கள் அதைக் குறைக்கும் கருவிகளுக்குச் செலவிடுவது நியாயம். ஆனால் கண் பார்த்து விரல் அசைய நமக்கு ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. அதற்குள் கார் மூன்று மீட்டருக்கு மேல் கடந்திருக்கும்.

செலவுக் கணக்கை மாற்றிவிடுவது மொழிப் பிரச்சினை. தாவும் முறை ஏறக்குறைய எல்லா நிறுவனத்துக்கும் பொது, ஆனால் தாவும் வரிசையும் பேசும் இலக்கணமும் வேறு வேறு. ஃபுடாபாவின் ரிசீவருக்கு ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டர் பேசுவது புரியாது. ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் மொழிகளில் பழைய ஏஎஃப்எச்டிஎஸ்ஸும் அதற்குப் பின்வந்த ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏவும் ஒரே குடும்பம், இருந்தும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. டிரான்ஸ்மிட்டரை ஒருமுறை வாங்குகிறோம், பத்து வருடம்கூட உழைக்கும். ரிசீவரோ ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று வேண்டும். ஆகவே டிரான்ஸ்மிட்டரின் விலையைப் பார்க்கும் முன் அதன் ரிசீவர் என்ன விலை, சென்னை ரிட்சி தெருவிலோ ஆன்லைனிலோ எளிதாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி மாணவர்கள் பலர் ஃப்ளைஸ்கை ஐ6இல் தொடங்குவதற்கு விலைதான் காரணம், அது தவறான காரணம் அல்ல.

இந்த மொழிச் சுவரை உடைக்கத் தன்னார்வலர்கள் செய்த வேலை என்னை நெகிழவைக்கிறது. எட்ஜ்டிஎக்ஸ் என்பது டிரான்ஸ்மிட்டருக்கான திறந்த மென்பொருள். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்பது திறந்த வானொலி மொழி. யார் வேண்டுமானாலும் அதைப் பேசும் ரிசீவரைச் செய்யலாம், அதனால் விலை இறங்கியது. ரேடியோமாஸ்டர் எம்டி12 போன்ற துப்பாக்கிப் பிடி ரிமோட்டுகளும் இப்போது அதைப் பேசுகின்றன. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸின் அடியில் இருப்பது லோரா, பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பிறந்த நுட்பம். அதில் அலைவரிசை ஒரே சுருதியில் நிற்காமல் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். குயில் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள், குரல் படிப்படியாக ஏறும். தெருவில் எத்தனை இரைச்சல் இருந்தாலும், நடுவில் பாதி அமுங்கிப்போனாலும், அந்த ஏற்றத்தின் சாய்வை வைத்தே குயில் என்று காது கண்டுகொள்கிறது. லோரா ரிசீவரும் அந்தச் சாய்வைத் தேடுகிறது. மிக மெதுவாகப் பேசும்போது, சுற்றியுள்ள இரைச்சலில் நூறில் ஒரு பங்கு வலுவே உள்ள சொல்லையும் அது பிரித்தெடுத்துவிடும்.

இவ்வளவு கூர்மையான காதும் ஒருநாள் கேட்காமல் போகும். டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி தீரும், செல் ஒன்று இடம் நழுவும், கார் ஒரு சுவரின் பின்னால் போகும். அந்த மௌனத்தில் ரிசீவர் என்ன செய்யும்? ரிமோட் தேர்வில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. சில மலிவு ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிச் சொல் முழு வேகம் என்றால் முழு வேகத்திலேயே ஓடும். மூன்று கிலோ எடையுள்ள ஆர்சி டிரக் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால், பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழும் மூன்று கிலோ கல்லின் சக்தி அதனிடம் இருக்கும். மைதானத்தின் ஓரத்தில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நண்பர் ஒருவரின் கார் இப்படிக் கைவிட்டு ஓடி, கூட்டத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் மோதியதைப் பார்த்த நாளிலிருந்து, ஃபெயில்சேஃப் இல்லாத ரிசீவரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஃபெயில்சேஃப் உள்ள ரிசீவர், சொல் வருவது நின்றதும் முன்பே சொல்லிவைத்த நிலைக்குப் போய்விடும். காருக்கு அது பிரேக், படகுக்கு மோட்டார் நிறுத்தம். ஆனால் இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருப்பது போதாது. சில ரிமோட்டுகளில் மெனுவில் போய் நாம்தான் அந்த நிலையைப் பதியவேண்டும். வேறு சிலவற்றில் பைண்ட் செய்யும் நொடியில் குச்சியோ விசையோ எங்கே இருந்ததோ அதுவே பதிவாகிவிடும்.

புது ரிசீவர் பொருத்திய அன்று காரை ஒரு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல். முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு கார் என்ற வரிசையில் முடுக்குங்கள். விசையைக் கால்வாசி இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடாமல், டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டாரின் ஓசையைக் கேளுங்கள். ஒரு நொடிக்குள் அது அடங்கி, சக்கரங்கள் நின்று, ரிசீவரின் விளக்கு மின்னத் தொடங்கினால், காரைத் தரையில் இறக்கலாம்.